படிக்கும் கிலோவுக்கும் நடுவே ஒரு டம்ளர்

கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் பழைய சமையல் நோட்டு ஒன்றைப் பிரித்தால் முதலில் கால் இடறுவது 'நாழி' என்ற சொல்லில்தான். தமிழ்க் கணக்கில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. நாழியும் படியும் ஒன்றே. மலையாளக் கணக்கிலும் பெயர்கள் இதே வரிசைதான். ஆனால் அங்கே நாழி சிறியது, 300 மில்லியை ஒட்டி நிற்கும். நான்கு நாழி சேர்ந்தால் ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. ஆகவே கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுப் பக்கத்து நோட்டில் "பச்சரிசி இரண்டு நாழி" என்று எழுதியிருந்தால் அது அரைக் கிலோ அரிசியாக இருக்கலாம். அதே வரி திருநெல்வேலி எல்லையை ஒட்டிய தோவாளைப் பக்கத்து நோட்டில் இருந்தால் இரண்டு கிலோவாகவும் இருக்கலாம். எழுத்து ஒன்று, சொல் ஒன்று, அரிசி நாலு மடங்கு.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர் கணக்கிலிருந்து விலகி, 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மெட்ரிக் அளவுகளுக்கான சட்டமும் அதே 1956-ல் வந்தது. 1958 அக்டோபர் 1 முதல் கிலோ படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. மாநிலமும் மாறி, அளவும் மாறி, இரண்டும் இரண்டே வருடத்துக்குள். நாஞ்சில் நாட்டு நெல் கணக்கில் 21 மரக்கால் ஒரு கோட்டை. வயலின் பரப்பையே இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று விதை நெல்லின் அளவால் சொன்னார்கள். அப்படிப் பழகிய ஊரில், நோட்டு எழுதிய பாட்டிக்கு எந்தப் படி கையில் இருந்தது என்பதை அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

வாய்பாட்டை நம்பலாமா? 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஒரு ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு படி. பெருக்கினால் 14,400 நெல் மணி. இந்த மாவட்டத்தில் வயலில் நிற்கும் அம்பை 16 போன்ற குண்டு ரகத்தில் 1000 நெல் சுமார் 24 கிராம் வரும். 14,400 மணி ஏறக்குறைய 345 கிராம். கொள்ளளவில் 600 மில்லி. கடைத்தெருவில் 'படி' என்று புழங்கிய பாத்திரங்கள் பலவும் இதைவிட இரண்டு மடங்கு பெரியவை. வாய்பாடு தன் கணக்கில் சரிதான், பித்தளைப் படியும் தன் கணக்கில் சரிதான். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டால்தான் சோறு குழையும்.

எனவே பழைய நோட்டைப் படிக்கிறவர் முதலில் தேட வேண்டியது அந்த வீட்டுப் பாத்திரத்தை. பித்தளை நாழியோ மரப் படியோ பரணில் கிடந்தால் வேலை பாதி முடிந்தது. அதில் தண்ணீர் ஊற்றி எடை போட்டால் எத்தனை மில்லி என்பது தெரிந்துவிடும், ஏனென்றால் தண்ணீர் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. மரப் படி தண்ணீர் குடிக்கும். அதற்குச் சீனியை நிரப்பி, அந்தச் சீனியைத் தெரிந்த அளவுள்ள பாத்திரத்துக்கு மாற்றி அளக்கலாம். பாத்திரம் கிடைக்கவில்லை என்றால் நோட்டில் உள்ள தேங்காய் எண்ணிக்கை, ஏலக்காய் எண்ணிக்கை இவற்றை வைத்து ஊகிக்கலாம். ஒரு தேங்காய்க்கு ஒரு நாழி அரிசி என்றால் அது பெரிய படியாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இன்றைய சிக்கல் வேறு. இப்போது அரிசி கிலோவில் வாங்குகிறோம், சமைப்பது டம்ளரில், செய்முறை பார்ப்பது 'கப்' என்று சொல்லும் வீடியோவில். கப் என்பது 240 மில்லியாக இருக்கலாம், 250 ஆக இருக்கலாம், ரைஸ் குக்கரோடு வந்த 180 மில்லி பிளாஸ்டிக் கோப்பையாகவும் இருக்கலாம். பேசுகிறவர் கையில் இருப்பது காபி குடிக்கிற எவர்சில்வர் டம்ளர் என்றால் 150 முதல் 300 வரை எதுவும் சாத்தியம். இதை எல்லாம் தாங்கும் ஒரே ஏற்பாடு, நம் வீட்டு டம்ளர் ஒன்றை அளவுக்கென்று ஒதுக்கி, அதற்குள் எது எத்தனை கிராம் பிடிக்கும் என்று நாமே ஒருமுறை எடை போட்டு வைத்துக்கொள்வது. ஒரு மணி நேர வேலை.

தேவைப்படுவது ஒரு கிராம் வரை காட்டும் 5 கிலோ டிஜிட்டல் தராசு. முதலில் தராசையே சோதிக்க வேண்டும். பிரிக்காத அரை லிட்டர் பால் பாக்கெட் வைத்தால் 515 கிராமுக்கு மேல் சில கிராம் காட்ட வேண்டும்; பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனம், மேலே கவரின் எடையும் உண்டு. 500-க்குக் கீழே காட்டினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், தராசை மட்டமான கல் மேடையில் வையுங்கள். பாய் மீதோ மடித்த துணி மீதோ வைத்த தராசு பொய் சொல்லும்.

பிறகு காலி டம்ளரை வைத்து டேர் பட்டனை அழுத்தி பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பில் தண்ணீர் முட்டை முதுகு போல மேலே எழும்பி நிற்கும். அது இரண்டு மூன்று மில்லி. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை விளிம்போடு இழுத்து அதைத் தள்ளி, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு எடையைப் பாருங்கள். 210 என்று காட்டினால் உங்கள் டம்ளர் 210 மில்லி. டம்ளரை நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டு அரிசிக்கு வாருங்கள். கரண்டியால் அள்ளி மெதுவாகப் போட்டு, குலுக்காமல், தட்டாமல், அதே ஸ்கேலால் தலை தட்டி எடை போடுங்கள். கொட்டிவிட்டு இன்னும் இரண்டு முறை. மூன்று எடையும் ஐந்து கிராமுக்குள் நின்றால் சரி. அதற்கு மேல் விலகினால் அரிசியில் குற்றமில்லை, கை ஒரே மாதிரி போடவில்லை.

168 கிராம் வந்தது என்று வையுங்கள். 168-ஐ 210-ஆல் வகுத்தால் 0.80. இனி இந்த அரிசிக்கு இந்த எண்தான் சாவி. மில்லியை 0.80-ஆல் பெருக்கினால் கிராம்; கிராமை 0.80-ஆல் வகுத்தால் மில்லி. செய்முறையில் 250 கிராம் என்றிருந்தால் 312 மில்லி, அதாவது உங்கள் டம்ளரில் ஒன்றரை. அரிசி மணி தனியாக எடுத்தால் தண்ணீரைவிடக் கனமானது, தண்ணீரில் அமிழ்ந்துவிடும். ஆனாலும் ஒரு லிட்டர் அரிசி ஒரு கிலோ வராமல் 800 கிராமில் நிற்பதற்குக் காரணம் மணிகளுக்கு நடுவே உள்ள காற்று. டம்ளரில் கிட்டத்தட்டப் பாதி காற்றுதான். குலுக்கினாலும் தட்டினாலும் மாறுவது அந்தக் காற்றின் பங்கு மட்டுமே.

'தலை தட்டி' என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அரிசியைக் குவித்தால் அது தானாகவே ஒரு சரிவில் நிற்கும். சரிவு ஏறக்குறைய 33 பாகை. இப்போது இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 7 செ.மீ. வாயும் 6 செ.மீ. உயரமும் உள்ள டம்ளர். இன்னொன்று 10 செ.மீ. வாயும் 3 செ.மீ. உயரமும் உள்ள கிண்ணம். இரண்டும் தலை தட்டினால் 230 மில்லி சுற்றித்தான் பிடிக்கும். குவித்து அளந்தால் டம்ளரின் மேல் நிற்கும் கூம்பு 29 மில்லி, கிண்ணத்தின் மேல் நிற்பதோ 85 மில்லி. அரிசியாகச் சொன்னால் ஒன்றில் 23 கிராம் கூடுதல், மற்றதில் 68 கிராம் கூடுதல். வாய் அகலமான படியில் குவித்து வாங்கி, வாய் குறுகிய படியில் தலை தட்டி விற்றால் வியாபாரிக்கு என்ன மிஞ்சும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். கல்யாண வீட்டில் குத்துவிளக்குப் பக்கத்தில் வைக்கும் நிறைநாழி குவிந்துதான் இருக்க வேண்டும். அது மங்கலம், அங்கே யாரும் ஸ்கேல் கொண்டு போக வேண்டாம். அடுப்படிக்கு மட்டும் தலை தட்டு.

எல்லாரும் கேட்கும் எண்கள் இவை. 200 மில்லி டம்ளரில் தலை தட்டிய அளவு, கைக்குக் கை ஐந்து கிராம் முன்னே பின்னே இருக்கும். குண்டுப் புழுங்கலரிசி, இட்லி அரிசி 160 முதல் 165 கிராம். சன்னப் பச்சரிசி 155 முதல் 160. நீளமாக, மெலிதாக இருக்கும் மணி ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழுந்து இடம் விடும்; குண்டு மணி உருண்டு நெருங்கும். நாம் கஞ்சிக்கும் மீன் குழம்புக்கும் எடுக்கும் சிவப்புச் சம்பா அரிசியும் 160-ஐ ஒட்டியே வரும். நெல் என்றால் 110 முதல் 118 தான், உமி இடத்தை அடைத்துக்கொள்வதால். உருட்டு உளுந்து 165 முதல் 172. துவரம்பருப்பு 165. கடலைப்பருப்பு கொஞ்சம் குறைவு. முழுச் சிறுபயறு 170. முழுக் கோதுமை 155 முதல் 160. தினை, சாமை, கேழ்வரகு முழுத் தானியமாக எடுத்தால் அரிசியின் பக்கத்திலேயே நிற்கும், தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மேலே உள்ள எண்களை ஒருமுறை மறுபடியும் பாருங்கள். நெல்லை விட்டுவிட்டால் முழுத் தானியமும் பருப்பும் எல்லாமே 155-க்கும் 172-க்கும் நடுவில்தான். இதுதான் இந்த விஷயத்தில் மிகவும் பயனுள்ள செய்தி என்று சொல்வேன். தானியத்துக்குத் தானியம் விகிதம் என்றால் மாற்றிக் கணக்குப் போடவே வேண்டாம். இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று என்பதை டம்ளரில் அளந்தாலும் கிலோவில் எடை போட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்; எடையில் 3.9-க்கு 1 என்று வரும், உளுந்து பழசா புதுசா என்பதில் வரும் வித்தியாசம் இதைவிடப் பெரிது. பொங்கலுக்கு அரிசியும் பாசிப்பருப்பும் அப்படியே. ஆனால் ஊறவைத்த பிறகு அளக்கக் கூடாது. உளுந்து ஊறினால் எடை ஏறக்குறைய இரட்டிக்கும். அரிசி ஊறினால் கால் பங்குதான் கூடும். ஊறியதை ஊறியதோடு நாலுக்கு ஒன்று என்று அளந்தால் உளுந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, இட்லி கல்லாகும்.

தானியத்திலிருந்து வேறொன்றுக்குப் போகிற இடத்தில்தான் ஆபத்து. முதல் பலி, தண்ணீர். "ஒன்றுக்கு இரண்டு தண்ணீர்" என்பது டம்ளர்க் கணக்கு. தராசு வாங்கிய புதிதில் பலர் இதை எடையில் செய்கிறார்கள்: ஒரு கிலோ அரிசி, இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு கிலோ அரிசி 1.25 லிட்டர் என்பதால் டம்ளர்க் கணக்கில் அதற்குத் தேவை 2.5 லிட்டர். அரை லிட்டர் குறைவு. குக்கர் அடியில் பிடிக்கும், மேலே நடுப்பருக்கை வேகாமல் நிற்கும், பழி அரிசிக் கடைக்காரர் மேல் விழும். எடையில் சமைக்கிறவர்கள் ஒன்றுக்கு இரண்டு என்பதை ஒன்றுக்கு இரண்டரை என்று மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்; ஒன்றுக்கு மூன்று என்பது மூன்றே முக்கால் ஆகும். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக அறுவடை முடிந்து வரும் புது அரிசிக்கு இதிலும் கொஞ்சம் குறைக்கலாம், பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும். சம்பா அரிசியை நிறையத் தண்ணீரில் போட்டு வடிக்கிற வீட்டில் இந்தத் தலைவலியே கிடையாது. வடிசோறு மன்னிக்கும், குக்கர் மன்னிக்காது.

ரைஸ் குக்கர் பாத்திரத்தின் உள்ளே 1, 2, 3 என்று கோடு போட்டிருப்பது அதோடு வந்த 180 மில்லி கோப்பைக்கு. அந்தக் கோப்பை நிறைய அரிசி 145 முதல் 150 கிராம். கோப்பை உடைந்துபோய் 240 மில்லி கப்பில் மூன்று கப் அரிசி போட்டுவிட்டு 3 என்ற கோடு வரை தண்ணீர் விட்டால் சோறு விறைக்கும். மூன்று 240 என்பது 720 மில்லி. அது நான்கு 180. தண்ணீர் 4 கோடு வரை போக வேண்டும்.

கழுவின அரிசியை எடை போடுவதும் இதே வகைத் தவறு. ஒரு கிலோ அரிசியைக் களைந்து வடிகட்டியில் பத்து நிமிடம் வைத்தாலும் பத்து விழுக்காடு தண்ணீர் ஒட்டிக்கொண்டு வரும். எடை எப்போதும் உலர்ந்ததற்கு.

இனி மாவு. இங்கே டம்ளரை நம்பவே கூடாது. கோதுமை மாவைக் கரண்டியால் தூவி நிரப்பினால் 200 மில்லிக்கு 100 முதல் 110 கிராம். டம்ளரையே மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 130-ஐத் தாண்டும். அதாவது கால் பங்கு வித்தியாசம், ஒரே டம்ளர், ஒரே மாவு. அரிசியை எத்தனை தட்டு தட்டினாலும் ஏழு, எட்டு விழுக்காட்டுக்கு மேல் இறங்காது, மாவு இறங்கும். உலர்ந்த அரிசி மாவு சலித்தது 105 முதல் 115. டப்பாவில் நாள்பட இறுகியது 130. ரவை இரண்டுக்கும் நடுவில், 140 சுற்றி, நல்ல பிள்ளை போல ஒழுங்காக இருக்கும். அவல் கதையே வேறு: கெட்டி அவல் 100-க்குள், பேப்பர் அவல் அதில் பாதி. "அவல் ஒரு கப்" என்று எழுதி எந்த அவல் என்று எழுதாத ஆப்பக் குறிப்பை அப்படியே மூடி வைத்துவிடலாம்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு கூடுதல் தொல்லை, இரண்டு பருவமழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. காற்றில் ஈரம் ஏறினால் மாவு பொடிக் கட்டியாகும். கட்டிகளுக்கு நடுவே காற்று நின்று டம்ளர் எடை குறையும். அதே மாவைச் சலித்து அளந்தால் எண் மாறும். உப்பும் அப்படித்தான். மழைக்காலத்தில் மாவை எடை போட்டே எடுங்கள், சலிப்பதை எடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

புட்டு மாவை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ பச்சரிசி 1.25 லிட்டர். ஊறவைத்து வடித்து மில்லில் ஈரமாகத் திரிக்கக் கொடுக்கும்போது அது 1.25 கிலோவுக்கு மேல் இருக்கும். மில்லில் கிலோவுக்குக் கூலி என்றால் அந்த ஈரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். வறுத்த பிறகு எடை திரும்ப ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே வந்துவிடும், ஆனால் கொள்ளளவு 1.8 லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். எனவே 'ஒரு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் மாவு' என்று எண்ணி ஆள்கணக்குப் போடாதீர்கள். ஒரு டம்ளர் அரிசி ஏறக்குறைய ஒன்றரை டம்ளர் மாவு. பிசிறும் தண்ணீர் டம்ளர்க் கணக்கில் மாவில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. எடையில் பார்த்தால் மாவின் எடையில் முக்கால் பங்கைச் சுற்றி. உப்பைத் தண்ணீரில் கரைத்து, முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றாமல், முக்கால்வாசியைத் தெளித்துப் பிசிறி, பத்து நிமிடம் மூடி வைத்து, மிச்சத்தைப் பார்த்து விடுங்கள். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். இந்தச் சோதனை எந்த எண்ணையும்விட மேல். எண் உங்களை அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். நடுவே போடும் திருவிய தேங்காய் 200 மில்லி டம்ளருக்கு 65 முதல் 70 கிராம். அழுத்தினால் கூடும், ஆனால் தேங்காய் கூடி எந்தப் புட்டும் கெட்டதில்லை. சிரட்டைப் புட்டு என்றால் சிரட்டைக்குச் சிரட்டை அளவு மாறும், அங்கே எடையைப் பற்றிப் பேசுவதே வீண்.

சிறுபயற்று மாவைப் பாகில் உருட்டிப் பொரிக்கும் முந்திரிக்கொத்தில், முழுத் தானியத்தின் டம்ளர்க் கணக்கை மாவுக்கும் போடும் தவறு எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். குறிப்பு இப்படி இருக்கும்: "சிறுபயறு மூன்று டம்ளர், வறுத்துப் பொடிக்கவும். சர்க்கரை 400 கிராம் பாகு." மூன்று டம்ளர் பயறு 510 கிராம். வறுத்துப் பொடித்ததும் நான்கரை டம்ளருக்கு மேல் வரும். இப்போது வறுக்கச் சோம்பல்பட்டு கடையில் பயற்றுமாவு வாங்கி அதிலேயே மூன்று டம்ளர் எடுக்கிறார் ஒருவர். கையில் வந்தது 350 கிராம்தான். பாகு 510-க்குப் போட்டது. மாவு பாகில் மூழ்கி, உருண்டை பிடித்தால் தளர்ந்து, அரிசி மாவுக் கரைசலில் முக்கும்போதே சரிந்து, எண்ணெயில் வாய் பிளக்கும். பிளந்த உருண்டையிலிருந்து பாகு எண்ணெயில் கலந்து கருகி, அடுத்த ஈட்டையும் கெடுக்கும். அப்புறம் 'பாகுப் பதம் தப்பிவிட்டது' என்று பாகைத் திட்டுவார்கள். பாகு பாவம், அளவு தப்பியது பயற்றில். இந்தக் குறிப்பை எழுதும்போதே "சிறுபயறு 500 கிராம்" என்று எழுதியிருந்தால் பயறாக வாங்கினாலும் மாவாக வாங்கினாலும் ஒன்றுதான்.

அதே வரியில் இன்னொரு குழி. நமக்குச் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது சீனி. சென்னைப் பக்கத்துக் குறிப்பில் சர்க்கரை என்றால் சீனி. சீனி டம்ளரில் அழகாக நிற்கும், 200 மில்லிக்கு 170 கிராம். வெல்லமும் கருப்பட்டியும் டம்ளரில் நிற்காது. உடைத்த துண்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு காற்று நடுவில். துருவினால் ஒரு எடை, இடித்தால் ஒரு எடை. கருப்பட்டியை எப்போதும் தராசில்தான் போட வேண்டும், கூடவே கல் மண் வடிகட்டிப் போகும் எடைக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

உப்பு சிறிய அளவு, பெரிய வில்லன். பொடியுப்பு 200 மில்லிக்கு 240 கிராம் வரை வரும், தண்ணீரைவிடக் கனம். 5 மில்லி தேக்கரண்டிக்கு 6 கிராம். கல் உப்பு கல்லின் பருமனைப் பொறுத்து மாறும். குறிப்பில் கல் உப்பு இரண்டு கரண்டி என்றிருக்க, பொடியுப்பு இரண்டு கரண்டி போட்டால் கரித்துவிடும். உப்பைத் தராசில் போடலாமே என்றால் அங்கேயும் ஒரு சூட்சுமம். பல சமையலறைத் தராசுகள் கொஞ்சம் கொஞ்சமாக விழும் சிறு எடையை ஆட்டம் என்று நினைத்துப் பூஜ்ஜியத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். விரலால் தூவித் தூவி 4 கிராம் போட்டாலும் 0 என்றே காட்டும். உப்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதை ஒரேயடியாகத் தராசில் வையுங்கள். 10 கிராமுக்குக் கீழே என்றால் அளவுக் கரண்டியே மேல். வெந்தயம், சோடா உப்பு, ஈஸ்ட் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வீட்டு டீ ஸ்பூனை அளவுக் கரண்டி என்று நம்ப வேண்டாம். தண்ணீர் ஊற்றி எடை போட்டால் 3 மில்லியும் இருக்கும், 7 மில்லியும் இருக்கும். இன்னொன்று, மெதுவாக வேலை செய்கிறவர்களுக்கு: பேட்டரித் தராசு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். பாதி போட்டுவிட்டுக் கதவு திறக்கப் போய் வந்தால் டேர் கணக்கு போயே போச்சு. காலிப் பாத்திரத்தின் எடையை அடியில் மார்க்கரால் எழுதி வைத்தவருக்கு இந்தக் கவலை இல்லை.

தானியம் இல்லை என்றாலும் தேங்காய் எண்ணெயைச் சொல்லாமல் போக முடியாது, இங்கே செக்கில் கிலோ கணக்கிலும் கடையில் லிட்டர் கணக்கிலும் விற்கிறார்கள். ஒரு லிட்டர் 920 கிராம் அளவில் இருக்கும். விலை ஒப்பிடும்போது லிட்டர் விலையை 0.92-ஆல் வகுத்துவிட்டுத்தான் கிலோ விலையோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

நூறு இலைக்கு விருந்து என்றால் கணக்கு மறுபடியும் கொள்ளளவுக்கே திரும்பும், ஏனென்றால் பாத்திரம் கொள்ளுமா என்பதுதான் கேள்வி. இலைக்கு 100 முதல் 125 கிராம் அரிசி வைத்தால் 10 முதல் பன்னிரண்டரைக் கிலோ. 12 கிலோ என்பது 15 லிட்டர் அரிசி. வடிப்பதற்கு அரிசியைப் போல ஐந்து மடங்கு தண்ணீர் என்றால் 75 லிட்டர். மணிகளுக்கு நடுவே உள்ள காற்று போக இரண்டும் சேர்ந்து 80 லிட்டருக்கு மேல், பொங்கி வழியாமல் இருக்க மேலே இடம் வேறு. 100 லிட்டர் அண்டா இல்லையென்றால் இரண்டு ஈடாகப் போடுவதுதான் வழி. வெந்த சோறு அரிசியின் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு. 12 கிலோவுக்கு 30 முதல் 36 கிலோ சோறு. அதைக் கொட்டிப் பரப்ப 50 லிட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். சமையல்காரர் "பன்னிரண்டு கிலோ" என்று சொல்லும்போது அவர் மனதில் ஓடுவது அரிசியின் எடை மட்டுமில்லை, அண்டாவின் வாய் வரை எழும் நுரையும்தான்.

வீட்டு டம்ளருக்கான எண்களை எழுதும் தாளில் டம்ளரின் மில்லி, அரிசியின் பெயர், அளந்த மாதம் மூன்றையும் எழுதுங்கள். அரிசி மூட்டை மாறினால் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எடை போட்டால் போதும், பருப்பு வரிசையைத் தொட வேண்டியதில்லை. தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், அடுப்புக்கு நேர் எதிரே வேண்டாம். ஆவி பட்டு இரண்டு மாதத்தில் மை ஊறிவிடும். அளவு டம்ளரில் யாரும் காபி குடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.